துப்பாக்கி உரிம வகுப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி: டெக்சாஸ்வாசிகளுக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, துப்பாக்கி வாங்கிவிட்டேன். எந்த வகுப்புக்குப் போகலாம்?"

டல்லாஸ் பக்கத்து நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். கேள்வியில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை. வாங்கியது கைக்குப் பெரிதாக இருக்கும். அதோடு வாங்கிய ஹோல்ஸ்டர், அதாவது இடுப்பில் மாட்டும் உறை, வகுப்பில் அனுமதிக்காத வகையாக இருக்கும். சிலருக்கு அந்தத் துப்பாக்கியைத் தொடவே சட்டத்தில் இடமிருக்காது.

நான் பயிற்றுநர் அல்ல. சில ஆண்டுகள் மாணவனாகவும், பிறகு சுடுதளத்தில் இலக்குத் தாள் ஒட்டும் உதவியாளாகவும் நின்றவன். பின்னால் நிற்பவனுக்கு, முன்னால் நிற்பவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். அதை வைத்து எழுதுகிறேன். கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமம் பற்றியது இது. டெக்சாஸை மையமாக வைத்திருந்தாலும், வகுப்பை எடைபோடும் முறை எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்.

1. முதலில் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் பலர் தாண்டிப் போகும் படி இது. எச்-1பி, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றமற்ற விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் குற்றம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுடுவதும் அதில் சேரும்.

வேட்டை உரிமம் வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, அடுத்த நாளே வேட்டை உரிமம் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கே காரணமாகலாம். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அந்த விலக்கை நம்பி இறங்க வேண்டாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கார்டு கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள் என்பதே என் பதில்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், வகுப்பு நடத்துபவர்கள் பலர் இதைக் கேட்பதில்லை. பதிவுப் படிவத்தில் பெயரும் கட்டணமும் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பின்விளைவு அவர்களுக்கு இல்லை, உங்களுக்கு.

2. உங்கள் மாநிலம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். "அப்படியானால் உரிமம் எதற்கு?" என்று உடனே கேட்பார்கள். காரணங்கள் உண்டு. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியுடன் இருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலமே வழங்கிய உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் விட காரில் போகிறவருக்கு இது தினசரி விஷயம். மேலும், டெக்சாஸ் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் ஆகியவை ஏற்பதில்லை.

டெக்சாஸ் உரிமத்துக்கு 4 முதல் 6 மணி நேர வகுப்பறைப் பாடம், எழுத்துத் தேர்வு, சுடுதளத் தேர்வு ஆகியவை தேவை. பாடத்தை இணையத்திலும் முடிக்கலாம், சுடுதளத்துக்கு நேரில்தான் போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 40 டாலர், வகுப்புக் கட்டணம் தனி.

மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. இல்லினாய் 16 மணி நேரம் கேட்கிறது. நியூயார்க்கில் 2022-க்குப் பிறகு 16 மணி நேர வகுப்பும், அதற்கு மேல் 2 மணி நேரம் சுடும் பயிற்சியும். கலிஃபோர்னியாவில் 2024 முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்குக் குறைந்தது 16 மணி நேரம். பென்சில்வேனியாவோ பயிற்சியே கேட்பதில்லை. ஆகவே நியூஜெர்சியில் இருக்கும் மைத்துனர் சொன்ன வகுப்பு உங்களுக்குச் செல்லுமா என்று மாநிலத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

3. உரிம வகுப்பு வேறு, கற்கும் வகுப்பு வேறு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

டெக்சாஸ் சுடுதளத் தேர்வில் 50 தோட்டாக்கள். 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. கெஜம் என்றால் மூன்றடி, துணிக்கடைக் கெஜமேதான். ஒரு தோட்டாவுக்கு அதிகபட்சம் 5 மதிப்பெண், மொத்தம் 250. தேறுவதற்கு 175. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முதல் 40 தோட்டாக்களையும் சரியாக அடித்தால் 200. அதாவது 15 கெஜத்தில் ஒன்றுகூடப் படாவிட்டாலும் தேறிவிடலாம். இலக்கும் பெரிய மனித உருவம். மூன்று கெஜம் என்பது நம் சாப்பாட்டு மேசையின் இந்த முனையிலிருந்து அடுத்த அறை வாசல்வரை.

இந்தத் தேர்வில் உறையிலிருந்து எடுத்துச் சுட வேண்டியதில்லை. சட்டைக்குள்ளிருந்து எடுப்பதும் இல்லை, நகர்வதும் இல்லை. மறைத்து எடுத்துச் செல்பவருக்கு ஆபத்தான கட்டமே துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும்தான். அதை இந்த வகுப்பு தொடுவதே இல்லை.

ஆகவே "250-க்கு 240 வாங்கினேன்" என்று சொல்பவரிடம் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பு எப்போது என்று கேளுங்கள். உரிம வகுப்பு, ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வு மாதிரி. வண்டி ஓட்டக் கற்பது தனி வேலை.

4. வாங்குவதற்கு முன் ஓர் அடிப்படை வகுப்பு

வரிசை இதுதான்: வாடகைத் துப்பாக்கியுடன் அடிப்படை வகுப்பு, பிறகு வாங்குவது, பிறகு உரிம வகுப்பு, பிறகு உறையிலிருந்து எடுக்கும் வகுப்பு.

அடிப்படை வகுப்பில் நான்கைந்து வகைத் துப்பாக்கிகளைச் சுடக் கொடுக்கும் இடத்தைத் தேடுங்கள். கடையில் சின்னதாக, அழகாக, சட்டைப்பைக்குள் போகும்படி ஒன்றைக் காட்டுவார்கள். துப்பாக்கி சிறுத்து எடை குறையக் குறைய அதன் பின்னுதைப்பு கூடும், பிடிக்க இடமிருக்காது, குறி பார்க்க உதவும் முன்முனைக்கும் பின்முனைக்கும் இடையிலான தூரமும் குறையும். புதியவருக்குக் கடினமானது சின்னதுதான். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், கை சொல்லும். பத்துத் தோட்டா சுட்டால் போதும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், துப்பாக்கி வருவதற்கு முன் பெட்டகம் வந்துவிட வேண்டும். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் குற்றம்.

5. பயிற்றுநரைத் தொலைபேசியில் சோதியுங்கள்

உரிம வகுப்பு நடத்த மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் சான்று வேண்டும். அது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. "இருபது ஆண்டு ராணுவத்தில் இருந்தவர்" என்பதும் கற்பிக்கும் திறனுக்குச் சான்றல்ல. நன்றாகச் சமைப்பவர் எல்லோராலும் சமையல் சொல்லித்தர முடியாது.

நான் முதலில் கேட்பது: "சுடுகோட்டில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்?" நான்கு முதல் ஆறு என்றால் நல்லது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். புதியவர் நெரிசலில் செய்யும் தவறு ஒன்றே: ஏதோ கேட்பதற்காகத் துப்பாக்கியோடு உடம்பைத் திருப்புவது. அந்த நொடியில் அவர் தோளுக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

அடுத்தது: "யாருக்காவது குண்டு பட்டால் என்ன செய்வீர்கள்?" கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். நல்ல பயிற்றுநரிடமிருந்து பதில் தயங்காமல் வரும்: முதலுதவிப் பை இன்ன இடத்தில் இருக்கிறது, அதில் இரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகெட் பட்டை இருக்கிறது, இவர் கட்டுவார், அவர் 911-ஐ அழைப்பார், இன்னொருவர் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுவார், முகவரி இந்த அட்டையில். "என் வகுப்பில் அப்படியெல்லாம் நடக்காது" என்று சிரித்தால், அவருக்குத் திட்டமில்லை என்று பொருள்.

மூன்றாவது: "நீங்கள் மாணவராகப் போன கடைசி வகுப்பு எது, எப்போது?" கற்பதை நிறுத்தியவர்கள் இங்கே மழுப்புவார்கள்.

வகுப்பறையில் எதைக் காட்டிப் பாடம் நடத்துவார் என்றும் கேளுங்கள். ஒரே வார்ப்பாகச் செய்த நீலநிறப் பிளாஸ்டிக் மாதிரிதான் சரியான விடை. ஒரு வகுப்பில் பயிற்றுநர் உண்மையான துப்பாக்கியை எடுத்து, "இது காலி, பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, பேச்சு சூடானதும் அதையே விரல் மாதிரி நீட்டி முன்வரிசையில் இருந்தவர்களைச் சுட்டிச் சுட்டிப் பேசினார். நான் இரண்டாம் வரிசை. இடைவேளையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கட்டிய 75 டாலர் போனது போனதுதான்.

கடைசியாக, பாதுகாப்புப் பேச்சு அல்லாமல் விற்பனைப் பேச்சு எவ்வளவு என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். சட்ட உதவிச் சந்தா விற்பதற்கு ஒரு மணி நேரம் போனால், நான்கு மணி நேர வகுப்பில் கால் பங்கு போயிற்று.

6. முடிந்தால் ஒருமுறை வேடிக்கை பாருங்கள்

பார்வையாளராக அனுமதிக்கும் பயிற்றுநர் கிடைத்தால் அரை நாளை அதற்கு ஒதுக்குங்கள். அவர் பேசுவதைக் கேட்பதைவிட, பேசும்போது அவருடைய கைகளைப் பாருங்கள்.

அரிசோனாவில் 1976-இல் கன்சைட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை ஏறக்குறைய எல்லோரும் சொல்லித்தருவார்கள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியதே. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்முனை படக்கூடாது. குறி இலக்கில் படியும்வரை விசையில் விரல் கூடாது. இலக்கு எது, அதன் பின்னால் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். இவற்றைச் சுவரில் ஒட்டியிருக்கிறாரா என்பது முக்கியமில்லை. ஒரு மாணவரின் விரல் விசைக்குள் நுழையும்போது அவர் பார்க்கிறாரா, பார்த்ததும் என்ன செய்கிறார் என்பதே முக்கியம். கத்துபவர் உண்டு, பார்க்காததுபோல் இருப்பவர் உண்டு. அமைதியாக நிறுத்தி, ஏன் என்று சொல்லி, மறுபடி செய்யச் சொல்பவரிடம் சேருங்கள்.

உரிமப் பாடத்திட்டத்தில், வன்முறையின்றித் தகராறைத் தீர்ப்பது என்று ஒரு பகுதி உண்டு. அதை அவர் எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். நகைச்சுவையாகத் தள்ளிவிட்டுச் சட்டென்று "எப்போது சுடலாம்" என்பதற்குப் போகிறவரை நான் நம்புவதில்லை. இடுப்பில் துப்பாக்கி இருப்பவர் சாலையில் ஒருவர் குறுக்கே வந்தால் ஹாரன்கூட அடிக்காமல் போக வேண்டும் என்று அரை மணி நேரம் பேசிய ஓர் அம்மையார்தான் நான் பார்த்தவர்களில் சிறந்த பயிற்றுநர்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. சல்வார், குர்தா போன்ற பெல்ட் இல்லாத உடையில் எப்படி எடுத்துச் செல்வது என்று கேளுங்கள். "கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்தால் அவர் யோசித்ததில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடினால் துப்பாக்கியும் சேர்ந்து போகும். விருந்துக்குப் போன வீட்டில் பையைக் கட்டில் மீது போட்டால், அந்த வீட்டுக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

7. கொண்டுபோக வேண்டியவை

உரிம வகுப்புக்கு அதிகம் வேண்டாம்: துப்பாக்கி, 50 தோட்டாவுக்குக் கொஞ்சம் கூடுதல், கண்ணாடி, காதுக்கவசம், அடையாள அட்டை. உள்ளரங்கச் சுடுதளங்கள் பல எஃகு கலந்த தோட்டாக்களை அனுமதிப்பதில்லை. காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். வாங்கும் முன்பே கேளுங்கள்.

உடையில் புதியவர் தவறாமல் செய்யும் தவறு, கழுத்து அகன்ற சட்டை. பக்கத்தில் இருப்பவரின் துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் பித்தளைக் கூடு அடுப்பிலிருந்து எடுத்த கரண்டிபோலச் சுடும். அது கழுத்து வழியே உள்ளே விழுந்தால் ஆள் துள்ளுவார், கையில் இருக்கும் துப்பாக்கியும் சேர்ந்து துள்ளும். கழுத்தை ஒட்டிய சட்டை, முன்பக்கம் நீண்ட தொப்பி, மூடிய காலணி போதும்.

ஹோல்ஸ்டர் தேவைப்படுவது அடுத்த நிலை வகுப்புக்கு. பதினைந்து டாலருக்கு "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" நைலான் உறை ஒன்று எல்லாக் கடையிலும் தொங்கும். அதை வாங்கி வந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்றேன். துப்பாக்கியை எடுத்ததும் உறையின் வாய் ஒட்டிக்கொண்டது. திரும்ப வைக்க முடியவில்லை. குனிந்து, இடது கையின் இரண்டு விரல்களால் வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டு, வலது கையால் தோட்டா நிரம்பிய துப்பாக்கியை அதற்குள் இறக்கினார். குழல்முனை அவருடைய உள்ளங்கையைக் கடந்துதான் உள்ளே போனது. பயிற்றுநர் "நிறுத்துங்கள்" என்ற ஒரு சொல்லில் எல்லோரையும் உறைய வைத்தார். நண்பர் மீதி நாளைக் கடன் வாங்கிய உறையில் கழித்தார்.

ஆகவே வேண்டியது: உங்கள் துப்பாக்கி மாதிரிக்கென்றே செய்த, கைடெக்ஸ் போன்ற கெட்டியான பொருளால் ஆன, விசைப் பகுதியை முழுவதும் மூடும், எடுத்த பிறகும் வாய் திறந்தே இருக்கும் உறை. அதைத் தாங்கத் தடித்த பெல்ட். தோளில் மாட்டுவதையும் எதிர்ப்பக்கம் செருகுவதையும் பெரும்பாலான வகுப்புகள் அனுமதிப்பதில்லை. அவற்றிலிருந்து எடுக்கும்போது குழல்முனை பக்கத்தில் நிற்பவர்கள்மீது வளைந்து போகும்.

8. வகுப்பு நாளில்

துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பெட்டியில் பூட்டி, அப்படியே கொண்டுபோங்கள். வந்ததும் வாகன நிறுத்தத்தில் நண்பருக்குக் காட்டத் திறக்காதீர்கள். எங்கே, எப்போது திறக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

புதியவர் எனில் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாததை மறைப்பவர்களே மேற்பார்வையாளருக்குத் தலைவலி. அமெரிக்கர் கூட்டத்தில் நாம் ஒருவர்தான் புதியவர் என்று தோன்றும். பாதிப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள்.

துப்பாக்கி மக்கர் செய்தால் திரும்பாதீர்கள். முனை இலக்கை நோக்கியே இருக்கட்டும், இடது கையை உயர்த்துங்கள். கீழே விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். விழும் துப்பாக்கி பெரும்பாலும் வெடிப்பதில்லை, அவசரத்தில் பிடிக்கும் விரல் விசையில் மாட்டினால்தான் வெடிக்கும்.

சுட்ட பிறகு கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். தோட்டாத் துகளில் ஈயம் இருக்கிறது. அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

9. சட்டப் பகுதியில் தெளிந்துகொள்ள வேண்டியவை

டெக்சாஸில் வாசல் பலகைகளைப் படிக்கத் தெரிய வேண்டும். 30.06 என்ற சட்டப் பிரிவு எண் போட்ட பலகை இருந்தால் உரிமம் உள்ளவரும் மறைத்து எடுத்துச் செல்லக்கூடாது. 30.07 என்பது வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வதற்கானது. பெரிய சிவப்பு எழுத்தில் 51% என்றிருந்தால் அது மது விற்பனையை முதன்மையாகக் கொண்ட இடம், உள்ளே கொண்டுபோகவே கூடாது. கோயில் வாசலிலும் 30.06 இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அஞ்சலகம் ஃபெடரல் இடம், அங்கே உங்கள் உரிமம் உதவாது.

காவலர் அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமதாரர் உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இதை எப்படிச் சொல்வது, கைகளை எங்கே வைப்பது என்று வகுப்பிலேயே ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். நல்லவர்கள் கேட்காமலே செய்வார்கள். "துப்பாக்கி" என்ற சொல்லோடு பேச்சைத் தொடங்கி, அதே நேரம் கையை இடுப்புக்குக் கொண்டுபோவதைவிட மோசமான தொடக்கம் இல்லை.

10. உரிமம் வந்த பிறகு

ஆறு மாதத்துக்குள் உறையிலிருந்து எடுக்கும் வகுப்பு ஒன்று. 200 முதல் 300 தோட்டா கேட்பார்கள், ஒரு முழு நாள் ஆகும். துப்பாக்கி வாங்கிய பணத்தில் பாதியாவது இதற்குப் போகும் என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள். இரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவி வகுப்பு இன்னொன்று. ஒரே நாளில் முடிந்துவிடும், துப்பாக்கியைவிட அதற்கே உங்கள் வாழ்நாளில் வேலை வர வாய்ப்பு அதிகம்.

நடுவில் வீட்டில் தோட்டா இல்லாமல் பழகுங்கள், வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடம். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்க்க வேண்டும். தோட்டாவைத் தடுக்கும் சுவர்ப் பக்கம் மட்டுமே குறி பார்க்க வேண்டும். டெக்சாஸ் வீடுகளின் உள்சுவர் வெறும் ஜிப்சம் பலகை, தோட்டாவைத் தடுக்காது. புத்தகம் நெருக்கமாக நிரம்பிய அலமாரி அதைவிட மேல்.

பழகி முடித்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெட்டகத்தில் வைத்துப் பூட்டுங்கள். பழகி முடித்துத் தோட்டாவை நிரப்பிய பிறகு, "இன்னும் ஒரே ஒருமுறை" என்று விசையை இழுத்தவர் வீட்டுத் தொலைக்காட்சியை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு சின்ன ஓட்டை. நல்ல வேளை, அதன் பின்னால் இருந்தது வண்டி நிறுத்தும் அறை.